பிழைக்கத் தெரியாதவன்

தோழர்களே!

1774-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள். அமெரிக்காவிலே பிலடெல்பியா துறைமுகம். இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட கப்பலொன்று கரை சேருகிறது. கப்பல் முழுதும் காய்ச்சல். படுத்தவர் பலர், மாண்டவர் சிலர். நடந்து இறங்க வலுவற்ற ஒருவனைத் தூக்கி வந்து கரை சேர்க்கிறார்கள். வயது 37. கட்டிய மனைவி உடன் இல்லை. கொஞ்சிட மழலை இல்லை. பெட்டியிலே பொருள் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு கடிதம் — சிபாரிசுக் கடிதம்!

யார் இவன் என்று இவனுடைய ஊரிலே கேட்டிருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். கச்சை தைத்தான், கடை வைத்தான், மூடினான். கப்பலேறினான், திரும்பினான். சர்க்கார் உத்தியோகம் பார்த்தான், இருமுறை நீக்கப்பட்டான். வாத்தியார் வேலை பார்த்தான், வயிறு நிரம்பவில்லை. புகையிலைக் கடையை நடத்தினான், கடன் வந்தது, கடை போயிற்று. பிழைக்கத் தெரியாதவன்! வேறென்ன பட்டம் கொடுக்கும் ஊர், இப்படிப்பட்டவனுக்கு?

அந்தப் பிழைக்கத் தெரியாதவனைக் கரை சேர்த்த நாளிலிருந்து பதினான்காவது மாதம், அவன் எழுதிய சிறு வெளியீடு ஒன்றை அமெரிக்கக் குடியேற்றங்கள் பதின்மூன்றும் படித்துக் கொண்டிருந்தன. உழவன் படித்தான், கொல்லன் படித்தான், படிக்கத் தெரியாதவன் பக்கத்திலிருந்தவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். முடியரசின் அடிக்கல் ஆட்டம் கண்டது.

தாமஸ் பெயின்! அந்தப் பெயரை நமது படிப்பகங்களிலே கேட்டிருப்பீர்கள். அவன் எழுதிய நூல்களைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். இன்று நான் சொல்லப் போவது, 37 வயது வரை எந்தத் தொழிலிலும் ஒட்டாத ஒருவன், தனக்குரிய பணியைக் கண்டுகொண்ட கதை; கண்டுகொண்டதற்காக அவன் கொடுத்த விலையின் கதை.

அப்பன் தொழில்

1737-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நார்போக் மாவட்டத்துத் தெட்போர்டு என்னும் சிற்றூரிலே பிறந்தான். தந்தை ஜோசப், கச்சை தைப்பவர். சீமாட்டிகளின் இடுப்பு சிறுத்துத் தெரிய வேண்டுமல்லவா? அதற்காகத் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுக்கும் வளையும் எலும்பை வைத்துத் தைத்து இறுக்கிக் கட்டும் உள்ளாடை — அதுதான் கச்சை. உடுத்துபவள் சீமாட்டி, விரல் தேய்பவன் ஏழை.

தந்தை குவேக்கர் வகுப்பினர். புரோகிதன் வேண்டாம், சடங்கு வேண்டாம், பெரிய மனிதனைக் கண்டால் தொப்பியைக் கழற்ற வேண்டாம் என்று வாழ்ந்த கூட்டம். தாய், சர்ச் ஆப் இங்கிலாந்தைச் சேர்ந்தவர். வக்கீல் வீட்டுப் பெண். ஒரே வீட்டிலே இரண்டு மார்க்கம்! எது சரி என்று கேட்கும் பழக்கம் சிறுவனுக்கு வீட்டிலேயே வந்துவிட்டது போலும்.

பள்ளிக்கூடம் பதின்மூன்றாம் வயதோடு முடிந்தது. லத்தீன் படிக்கவில்லை. அந்த மொழியைக் கற்பிக்கும் ஏடுகள் குவேக்கர் கொள்கைக்கு ஒவ்வாதவை என்று தந்தை கருதினார். அக்காலத்திலே லத்தீன் தெரியாதவன் பண்டிதர் சபையிலே நுழைய முடியாது. தேவமொழி தெரியாதவனுக்கு இங்கே மதிப்பில்லாதிருந்ததே, அதைப் போல! ஆனால் அந்தக் குறையே பின்னாளில் அவனுக்குப் படைக்கலமாயிற்று. பண்டிதர் மொழி தெரியாததால், பாமரன் மொழியிலேயே எழுதினான்.

பள்ளியை விட்டதும் அப்பன் தொழில். ஊசியும் நூலும் திமிங்கில எலும்பும். பையனுக்குப் பிடிக்கவில்லை. வாலிபனானதும் வீட்டை விட்டுக் கிளம்பினான், பகைவர் கப்பல்களைத் தாக்கிப் பொருள் பறிக்க அரசாங்க அனுமதி பெற்ற கப்பலிலே சேர்ந்து விடுவதற்காக. அந்தக் கப்பலின் பெயருக்குப் பயங்கரம் என்று பொருள். அதன் தலைவனுடைய பெயருக்குச் சாவு என்று பொருள்! தந்தை ஓடோடி வந்து தடுத்து அழைத்துப் போனார். அந்தக் கப்பல் போரிலே சிக்கி, அதிலே சென்றோரில் பெரும்பாலோர் மாண்டனர். தடுத்தும் பையன் அடங்கினானா? வேறொரு கப்பலிலே ஏறினான். சில மாதங்கள் அலைகடல். பிறகு மீண்டும் ஊசி, நூல், எலும்பு.

1759-இல் சாண்ட்விச் என்ற ஊரிலே சொந்தக் கடை வைத்தான். மேரி லாம்பர்ட் என்ற பெண்ணை மணந்தான். கடை நொடித்தது. ஊர் மாறினார்கள். அடுத்த ஆண்டே மேரி இறந்தாள். இருபத்து மூன்று வயதிலே மனைவியும் இல்லை, மனையும் இல்லை.

சர்க்கார் உத்தியோகம்

உத்தியோகம் என்றால் நம் நாட்டிலே என்ன மதிப்போ, அதே மதிப்பு அன்றைய இங்கிலாந்திலும் உண்டு. மாதம் தவறாமல் சம்பளம்! பெயின் கலால் இலாகாவிலே சேர்ந்தான். சாராயம் காய்ச்சுமிடம் சென்று பீப்பாயை அளப்பது, புகையிலையும் தேயிலையும் விற்பவனிடம் கணக்குப் பார்ப்பது, கள்ளக் கடத்தல்காரனைக் கண்காணிப்பது — இதுதான் வேலை. குதிரையேறிச் சுற்றவேண்டும், குதிரை அவனுடையது, தீனிச் செலவும் அவனுடையது. ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம். செலவெல்லாம் போகக் கைக்கு மிஞ்சுவது நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 9 பென்ஸ் சொச்சம் என்று அவனே பிறகு கணக்குக் காட்டினான்.

1765-இல் வேலை போயிற்று. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பார்வையிடாத சரக்கைப் பார்வையிட்டதாக ஏட்டிலே எழுதிவிட்டான். அந்த இலாகாவிலே அது வழக்கமாய் நடந்ததுதான் என்பார்கள். வழக்கமானாலும் குற்றம் குற்றமே. நாம் போற்றுகிறவன் என்பதற்காகக் கறையைச் சந்தனம் என்று சொல்லத் தேவையில்லை.

மீண்டும் கச்சை தைத்தான். லண்டனிலே பள்ளி ஒன்றில் உபாத்தியாயராகச் சேர்ந்தான். ஆண்டுக்கு 25 பவுன், கலால் சம்பளத்திலே பாதி! மன்னிப்புக் கேட்டு மனுப் போட்டு, மீண்டும் கலால் இலாகாவிலே நுழைந்தான். 1768-இல் சசெக்ஸ் பகுதியிலே லூயிஸ் என்ற ஊருக்கு அனுப்பினார்கள்.

இங்கேதான், தோழர்களே, சற்று நின்று பார்க்க வேண்டும். பகலெல்லாம் பீப்பாய் அளந்தான். மாலையானதும்? அந்த ஊரிலே வெள்ளை மான் என்ற பெயருடைய விடுதி. அங்கே ஒரு பேச்சு மன்றம். கடைக்காரன், கைத்தொழிலாளி, வழக்கறிஞன் எல்லோரும் கூடி நாட்டு நடப்பை விவாதிப்பார்கள். அங்கே பெயின் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவன் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். சம்பளம் கொடுத்த வேலையிலே சாதாரணச் சிப்பந்தி. சம்பளமில்லாத மன்றத்திலே முதல் வரிசைக்காரன்! தன்னுடைய பணி எதுவென்று அவனுக்கே தெரியாத நாளில், அந்தப் பணி மாலை நேரத்திலே வந்து அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தது.

1771-இல் எலிசபெத் ஆலிவ் என்ற பெண்ணை மணந்தான். அவளுடைய தந்தை விட்டுச் சென்ற புகையிலைக் கடையையும் சேர்த்துக் கவனித்தான். உத்தியோகம், கடை, குடும்பம். பிழைக்கத் தெரிந்தவன் என்று ஊர் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிட்டான். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் லூயிஸ் நகரத்துப் புகையிலைக் கடைக்காரனாகவே வாழ்ந்து முடிந்திருப்பான். நமக்கும் அவனுக்கும் பேச்சே இருந்திராது.

வாய் மூடவில்லை! கலால் சிப்பந்திகள் சம்பள உயர்வு கேட்க விரும்பினார்கள். எழுதத் தெரிந்தவன் யார் என்று பார்த்தார்கள், பெயினைப் பிடித்தார்கள். 1772-இல் சிப்பந்திகளின் நிலையை விளக்கி ஒரு வெளியீடு எழுதினான். 35 வயதில் அவனுடைய முதல் அரசியல் எழுத்து, தொழிலாளர் கூலிக் கோரிக்கை! குறைந்த சம்பளம் கொடுத்து நேர்மையை எதிர்பார்ப்பது எப்படி, பசி வந்த இடத்திலே லஞ்சம் நுழையாதா என்பதுதான் அதன் வாதம். 4,000 படிகள் அச்சாயின. செலவுக்குச் சிப்பந்திகள் தலைக்கு 3 ஷில்லிங் போட்டார்கள். பனிக்காலம் முழுவதும் லண்டனிலே தங்கி, பாராளுமன்ற உறுப்பினர்களைக் கண்டு கண்டு கொடுத்தான். சீமான்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு காசு ஏறவில்லை.

ஊருக்காகப் பேசியவன் வீடு என்ன ஆயிற்று? கடை கவனிப்பாரற்றுக் கடனிலே மூழ்கியது. 1774 ஏப்ரலில், அனுமதியின்றி வேலையை விட்டுச் சென்றான் என்று உத்தியோகத்தைப் பறித்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. ஜூன் மாதம் கணவனும் மனைவியும் பிரிந்தனர். எலிசபெத்தின் பக்கமிருந்து பார்த்தால் அவளுக்கும் நியாயம் உண்டு. பிறந்த வீட்டுக் கடையையே இழந்தவள் அவள். பொதுப்பணியின் கணக்கிலே வீட்டிலிருப்போர் கட்டும் வரி பெரியது. அதை மறந்துவிட்டுப் பொதுப்பணியைப் பற்றிப் பேசுகிறவன் பாதி உண்மைதான் பேசுகிறான்.

பிராங்க்ளின் கொடுத்த கடிதம்

லண்டனிலே பெஞ்சமின் பிராங்க்ளினைச் சந்தித்தான். இடிமின்னலின் இரகசியத்தை ஆராய்ந்த பேரறிஞர். அமெரிக்கக் குடியேற்றங்களுக்காக அங்கே தங்கியிருந்தவர். அமெரிக்காவுக்குப் போ என்று தன் மருமகனுக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். துறைமுகத்திலே கிடந்தவனிடம் இருந்த கடிதம் அதுதான்.

அந்தக் கடிதத்திலே பிராங்க்ளின் என்ன வேலைக்குச் சிபாரிசு செய்தார் தெரியுமா? குமாஸ்தா வேலை, அல்லது பள்ளியிலே துணை உபாத்தியாயர், அல்லது நில அளவைக்காரனுக்கு உதவியாள்! உலகம் மெச்சிய அறிஞருடைய கண்ணுக்கே அன்று அவ்வளவுதான் தெரிந்தது. பார்த்தீர்களா தோழர்களே! ஒருவனுடைய தகுதி இவ்வளவுதான் என்று அறிஞரே அளந்து சொன்னாலும், அளவுகோல் தவறிப்போவது உண்டு.

ஆறு வாரம் படுத்துக் கிடந்து எழுந்தான். ராபர்ட் எய்ட்கன் என்ற அச்சகக்காரர் புதிதாக ஒரு மாத ஏடு தொடங்கினார். அதை நடத்தும் பொறுப்பு பெயினிடம் வந்தது. கட்டுரை எழுதினான், கவிதை எழுதினான், புதிய இயந்திரங்களைப் பற்றி எழுதினான். மாலை நேரத்திலே தோளைத் தட்டிக்கொண்டிருந்த பணி, பகல் நேரத்து வேலையாகவே வந்து சேர்ந்துவிட்டது.

1775 ஏப்ரல் 19-இல் லெக்சிங்டனிலே துப்பாக்கி வெடித்தது. பிரிட்டிஷ் படைக்கும் குடியேற்ற மக்களுக்கும் மோதல். ஆனால் அப்போதும் தலைவர்களிலே பெரும்பாலோர் விடுதலை என்ற சொல்லை உச்சரிக்கத் தயங்கினர். மந்திரிகள் கெட்டவர்கள், மன்னர் நல்லவர் என்று மனுப் போட்டுக்கொண்டிருந்தனர். பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர், பெயினை எழுதத் தூண்டினார். 1776 ஜனவரி 10-ஆம் நாள், ஆசிரியர் பெயர் இல்லாமல், காமன் சென்ஸ் — பொது அறிவு — என்ற தலைப்பிலே அந்த வெளியீடு வந்தது.

என்ன இருந்தது அதிலே? அப்பன் மன்னன் என்பதற்காக மகன் எப்படி மன்னன் ஆவான் என்று கேட்டான். முதல் மன்னனின் பரம்பரையைத் தோண்டினால் கொள்ளைக்கூட்டத் தலைவன்தான் அகப்படுவான் என்று காட்டினான். சிறிய தீவிலே அமர்ந்துகொண்டு, கடலுக்கு அப்பாலுள்ள பெரிய கண்டத்தை ஆளுவது இயற்கைக்கே ஒவ்வாதது என்று வாதாடினான். மன்னர் கெட்டவர் என்று சொல்வதோடு அவன் நிற்கவில்லை. மன்னர் என்ற ஏற்பாடே வேண்டாம் என்றான்.

மூன்று மாதத்திலே 1,20,000 படிகள் என்று பெயினே கணக்குச் சொன்னான். அந்தக் கணக்கு மிகை என்று கூறும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. கணக்கு எதுவானாலும், மொத்த மக்கள் தொகை 25 இலட்சம் அளவிலே இருந்த நாட்டில், அதைப் போல் பரவிய வெளியீடு அதற்கு முன் இல்லை. தனக்கு வரவேண்டிய இலாபத்தைக் கனடாப் பனியிலே போரிடச் சென்ற வீரர்களுக்குக் கையுறை வாங்க ஒதுக்கினான். ஆறு மாதம் கழித்து, ஜூலை 4-இல் அமெரிக்கா விடுதலைப் பிரகடனம் வெளியிட்டது.

வீணான ஆண்டுகளா?

அப்படியானால் அந்த 37 ஆண்டுகள் வீண்தானா? இல்லை, தோழர்களே! கச்சைத் தொழில், உழைப்பவன் விரல் தேய உடுத்துபவள் ஒயிலாய் நடக்கும் உலகத்தைக் காட்டியது. கலால் வேலை, வரி யாரிடமிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று காட்டியது. வாத்தியார் வேலை, பிள்ளைக்கும் புரியும்படி சொல்லக் கற்றுக்கொடுத்தது. மன்றம், எதிரியின் வாதத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. தோற்ற தொழில் ஒவ்வொன்றும் அவன் பேனாவுக்கு ஒரு சொட்டு மை வார்த்தது. தன் பணி எது என்று தெரியாமல் அலைகிறவன், கண்ணைத் திறந்துகொண்டு அலைந்தால், அலைச்சலும் ஒரு கல்லூரிதான்.

எழுதியதோடு நின்றானா? படையிலே சேர்ந்தான். நதானியல் கிரீன் என்ற தளபதியின் உதவியாளனாக இருந்தான். 1776 முடியும் நேரம். வாஷிங்டன் படை தோற்றுத் தோற்றுப் பின்வாங்குகிறது. குளிர். கந்தல். காலணி இல்லாத கால்கள். வீரர்கள் வீடு திரும்பத் துடிக்கிறார்கள். அந்த நேரத்திலே பெயின் நெருக்கடி என்ற தலைப்பிலே கட்டுரைகள் எழுதத் தொடங்கினான். முதல் கட்டுரை டிசம்பர் 19-இல் அச்சேறியது. வாஷிங்டன் அதைத் தமது வீரர்களுக்குப் படித்துக் காட்டச் செய்தார். கிறிஸ்துமஸ் இரவு, பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைக் கடந்து சென்று, மறுநாள் காலை டிரென்டனிலே ஏறத்தாழ 900 கூலிப்படையினரைச் சிறைபிடித்தார்கள்.

1780-இல் படைக்குப் பணமில்லை என்ற நிலை வந்தபோது, பென்சில்வேனியா சட்டமன்றத்திலே எழுத்தராக இருந்த பெயின், தன் சம்பளத்திலிருந்து 500 டாலரை எடுத்து நீட்டினான். அடுத்த ஆண்டு பிரான்சு சென்று நிதியும் தளவாடமும் பெற்றுவந்த தூதுக்குழுவிலும் அவன் இருந்தான்.

மீண்டும் ஒரு திருப்பம்

வெற்றி வந்தது. நியூயார்க் அரசு நியூ ரோஷல் என்ற ஊரிலே ஒரு பண்ணையைக் கொடுத்தது. காங்கிரஸ் 3,000 டாலர் கொடுத்தது. வயது 50-ஐ நெருங்கியது. இனி ஓய்வாக இருக்கலாமல்லவா? புதுத் தொழிலிலே இறங்கினான்: பாலம் கட்டும் தொழில்! ஷூல்கில் ஆற்றிலே குளிர்காலத்தில் பனிக்கட்டிகள் மோதித் தூண்களை உடைக்கும். ஆற்றின் நடுவே தூணே இல்லாமல், ஒரே வளைவாக இரும்பிலே பாலம் அமைத்தால் என்ன என்று மாதிரி செய்தான். அதற்கு ஆதரவு தேடித்தான் 1787-இல் ஐரோப்பா சென்றான். இங்கிலாந்திலே காப்புரிமை பெற்றான். வளைவு ஒன்றைச் செய்து லண்டன் அருகே மக்கள் பார்வைக்கு நிறுத்தினான்.

அரசியல் போதும், பாலம் போதும் என்று இருக்க எண்ணியவனை, பிரஞ்சுப் புரட்சி அழைத்தது. 1790-இல் எட்மண்ட் பர்க், பிரஞ்சுப் புரட்சியைக் கண்டித்து நூல் எழுதினார். பெயின் பாலத்தை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தான். 1791-இல் மனித உரிமைகள் முதற்பாகம். 1792-இல் இரண்டாம் பாகம்.

இரண்டாம் பாகத்தை உழைப்பாளி ஒவ்வொருவனும் அறிய வேண்டும். மன்னர் குடும்பத்துக்கும் போருக்கும் போகும் வரிப்பணத்தை என்ன செய்யலாம் என்று, பழைய கலால் சிப்பந்தி கணக்குப் போட்டான். ஏழை வீட்டிலே 14 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 4 பவுன். 50 வயது கடந்த ஏழைகளுக்கு 6 பவுன்; 60 கடந்தால் 10 பவுன். அது பிச்சை அல்ல, உரிமை என்றான். உழைத்து ஓய்ந்தவன் வாழ்நாளெல்லாம் கட்டிய வரியின் வட்டி அது என்று விளக்கினான். பெரும் நிலச் சொத்துக்கு, ஏற ஏற வரி என்றான். முதியோர் பென்ஷன் என்பது சட்டமாக இங்கிலாந்திலே வந்தது 1908-இல்! அதற்கு 116 ஆண்டுகளுக்கு முன்னே எழுதிவைத்தான் இந்தப் பிழைக்கத் தெரியாதவன்.

சீமான்கள் படித்தவரை பொறுத்திருந்த அரசாங்கம், 6 பென்ஸ் விலையிலே மலிவுப் பதிப்பு பரவித் தொழிலாளி படிக்கத் தொடங்கியதும் பாய்ந்தது. வழக்குப் போட்டார்கள். பெயின் 1792 செப்டம்பரிலே பிரான்சு சென்றான். அங்கே கலே பகுதி மக்கள் அவனைத் தங்கள் மன்றத்துக்குப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கிலாந்திலோ, அவன் இல்லாமலே வழக்கை நடத்தி, குற்றவாளி என்று தீர்ப்பளித்து, நாட்டின் பாதுகாப்புக்கு அப்பாற்பட்டவன் என்று அறிவித்தார்கள். ஊருக்கு ஊர் அவன் கொடும்பாவி எரிந்தது.

பிரான்சிலே மட்டும் நிம்மதியா? முடியரசை ஒழிக்க வேண்டும் என்றவன், மன்னன் லூயியின் தலையை வெட்டக்கூடாது, அமெரிக்காவுக்கு நாடு கடத்துங்கள் என்றான். ஏற்பாட்டைத்தான் ஒழிக்க வேண்டும், ஆளைக் கொல்ல வேண்டாம் என்பது அவன் கொள்கை. பகைவன் தலைக்காக வாதாடி, நண்பர்களின் பகையைத் தேடிக்கொண்டான். 1793 டிசம்பர் 28-இல் கைதானான். பத்து மாதச் சிறை. கொல்லப்பட வேண்டியோரின் அறைக் கதவிலே குறி போடுவார்களாம். பெயினும் மூவரும் இருந்த அறைக் கதவு திறந்து சுவரோடு சாய்ந்திருந்தபோது குறி போட்டுவிட்டார்கள். இரவு கதவைச் சாத்தியதும் குறி உட்பக்கம் போய்விட்டது. தலை தப்பியது என்று அவனே பிறகு எழுதினான். சில நாட்களில் ரோபஸ்பியர் வீழ்ந்தான். அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் மன்றோ முயன்று நவம்பரிலே விடுவித்தார்.

ஆறு பேர்

சிறை செல்லும் வழியிலே நண்பரிடம் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துச் சென்றான். அதுதான் பகுத்தறிவு யுகம். பெயின் நாத்திகன் அல்லன். கடவுள் ஒருவர் உண்டு என்று நம்பியவன். ஆனால் வேதம் கடவுள் சொன்னது என்பதையும், அற்புதங்களையும், புரோகித ஆட்சியையும் அறிவின் தராசிலே நிறுத்துக் காட்டினான். அவன் முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கும் உரிமைக்கு அவன் கொடுத்த விலையை மறக்கக்கூடாது.

விலை சிறியதா? 1802-இல் அமெரிக்கா திரும்பினான். விடுதலைக்கு வித்திட்டவனை மாலையிட்டு வரவேற்றிருக்க வேண்டும். மதத்துரோகி என்று முகம் திருப்பிக்கொண்டார்கள். 1806-இல் நியூ ரோஷலிலே வாக்களிக்கச் சென்றான். நீ இந்த நாட்டுக் குடிமகன் இல்லை என்று தேர்தல் அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள்! 1809 ஜூன் 8-இல், 72-ஆம் வயதில் நியூயார்க்கிலே இறந்தான். குவேக்கர்கள் தங்கள் இடுகாட்டிலே இடம் தர மறுத்தனர். பண்ணையிலேயே புதைத்தார்கள். உடன் சென்றவர்கள் ஆறு பேர் அளவில்தான்.

பத்தாண்டு கழித்து வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர் — ஒரு காலத்திலே பெயினை ஏசி எழுதியவர், பிறகு மனம் மாறியவர் — எலும்புகளைத் தோண்டி எடுத்து, நினைவுச் சின்னம் எழுப்புவதற்காக இங்கிலாந்து கொண்டு சென்றார். சின்னம் எழவில்லை. எலும்புகளும் எங்கோ போய்விட்டன. இன்று அவனுக்குக் கல்லறையே இல்லை.

ஆனால் நூல் போய்விட்டதா? 1819-இல் அவனுடைய நூலை அச்சிட்டதற்காக ரிச்சர்ட் கார்லைல் சிறை சென்றார், மற்றவர் விற்றார்கள். 1847-இல் மராட்டியத்திலே, தோட்டக்காரச் சாதியிலே பிறந்த ஒரு வாலிபர் மனித உரிமைகளைப் படித்தார். மறு ஆண்டு புனாவிலே பெண்களுக்குப் பள்ளி திறந்தார். ஜோதிராவ் பூலே! தெட்போர்டிலே கச்சை தைத்தவன் ஏற்றிய விளக்கு, புனாவிலே ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒளி தந்தது. 1964-இல் தெட்போர்டு நகரத்திலேயே, கையிலே பேனாவும் நூலுமாக அவனுக்குச் சிலை எழுந்தது.

நமக்கு என்ன?

தோழர்களே! பெயினைப் படித்துவிட்டு நாளைக் காலையிலே வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் வீட்டிலே என் மீது விளக்குமாறு பறக்கும், நியாயமும் அதுதான். நான் சொல்ல விரும்புவது இரண்டு.

ஒன்று: அப்பன் செய்த தொழிலைத்தான் மகன் செய்ய வேண்டும் என்ற விதி எந்த நாட்டிலும் மனிதனைக் குறுக்குகிறது. இங்கிலாந்திலே பெயினைத் தடுத்தது வறுமை. இங்கே நம்மைத் தடுத்தது வறுமையும் வருணமும். 1953-இல் அரைநாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் இங்கே வந்தது. குலக்கல்வி என்று நாடே எதிர்த்தெழுந்தது. 1954-இல் அது கைவிடப்பட்டது. எதற்காக அந்தப் போராட்டம்? நம் பிள்ளைகளிலே எத்தனை பெயின்கள் ஊசியோடும் உளியோடும் புதைந்து போனார்களோ, இனி ஒருவனும் புதையக்கூடாது என்பதற்காக! தன் பணியைத் தானே தேடும் உரிமை, வயிறு நிறைந்தவனுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் அன்று. உழைப்பவன் மகனுக்கும் உரியது.

இரண்டு: பகலிலே தறியடிப்பவனாக, மூட்டை தூக்குபவனாக, கணக்கு எழுதுபவனாக இருக்கிறாய். மாலையிலே படிப்பகத்தைத் திறக்கிறாய், மன்றத்திலே பேசுகிறாய், சுவரெழுத்து எழுதுகிறாய். இதனால் என்ன ஊதியம் என்று ஊர் கேட்கிறது. பிழைக்கத் தெரியாதவன் என்று உறவு ஏசுகிறது. அப்போது லூயிஸ் நகரத்துக் கலால் சிப்பந்தியை நினைத்துக்கொள். எந்த வேலையிலே நேரம் போவது தெரியவில்லையோ, எந்த வேலையை எவனும் கூலி கொடுக்காமலே செய்கிறாயோ, அதிலேதான் நீ இருக்கிறாய். அதை விடாதே. வீட்டாரிடம் மறைக்காதே, அவர்களையும் அழைத்துக்கொண்டு நட. பெயின் தவறிய இடம் அதுதான்.

பிழைக்கத் தெரிந்த சீமான்கள் லூயிஸ் நகரத்திலும் லண்டன் நகரத்திலும் அன்று ஆயிரம் ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களிலே ஒருவர் பெயரையாவது நம் படிப்பகத்து மேசையிலே காண முடியுமா? கல்லறைகூட இல்லாதவனுடைய பெயர் இருக்கிறது. அவன் பிழைக்கத் தெரியாதவன்தான், வாழத் தெரிந்தவன்!